நெட்டி முறியும் சத்தமும் முதுகுவலியும்: கைரோபிராக்டரா, பிசியோவா, வெறும் நடையா?

கீழே கிடந்த இறகுப் பந்தை எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. எம்பி அடித்தபோது ஒன்றும் ஆகவில்லை, ஓடியபோதும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டமெல்லாம் முடிந்து, பேச்சுவாக்கில் குனிந்தபோதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட விளையாடியவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "கைரோபிராக்டர்கிட்ட போங்க, ஒரே சொடக்குதான், எழுந்து நடந்து வந்துடுவீங்க" என்றார் ஒருவர். முதுகையும் மூட்டையும் கையால் சட்டென்று அழுத்தி நெட்டி முறித்துவிடுபவர்தான் கைரோபிராக்டர். இன்னொருவர் பிசியோவிடம் போகச் சொன்னார். எம்ஆர்ஐ எடுக்காமல் யாரையும் முதுகைத் தொடவிடக் கூடாது என்பது மூன்றாமவரின் கட்சி. நான்காமவர் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு வாரம் படுத்துக் கிடக்கச் சொன்னார்.

நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குக் குணமான வழியைத்தான் சொன்னார்கள். ஆனால் திடீரென வரும் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே வெகுவாகத் தணிந்துவிடும். அந்த நாட்களில் யாரிடம் போயிருந்தாலும் நல்ல பெயர் அவருக்கே போகும். அதனால் "எனக்குச் சரியாச்சு" என்ற சாட்சியை வைத்து முடிவெடுக்க முடியாது. சும்மா இருந்தாலே கிடைத்திருக்கும் குணத்துக்கு மேல் ஒவ்வொரு வழியும் எவ்வளவு கூட்டித் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிபடாமல் வந்த, காலுக்கு இறங்காத இடுப்புவலிக்கு கைரோபிராக்டிக் ஒரு நியாயமான வழி. பிசியோவை மிஞ்சியது அல்ல, மோசமானதும் அல்ல. விளையாட்டுக் காயங்களுக்கு அது துணைக்கு வரலாம், தனியாகப் போதாது. கழுத்து என்றால் எனக்குத் தயக்கம் உண்டு.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது

1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கியது இந்த வைத்தியம். கிரேக்க மொழியில் 'கை'யையும் 'செய்தலை'யும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து வந்தது பெயர். அவருடைய முதல் நோயாளி ஹார்வி லில்லார்ட், காது மந்தமான ஒரு துப்புரவுப் பணியாளர். முதுகில் ஓர் எலும்பைச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டது என்பது பால்மர் தரப்புக் கதை. முதுகெலும்புகள் இடம் பிசகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்று பால்மர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்றைய கைரோபிராக்டர்களில் பலர் அதைக் கைவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு நின்றுகொள்கிறார்கள். சிலர் இன்னும் அதே பழைய பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இந்த இரண்டு வகையினரும் இருப்பதுதான் நமக்குத் தொல்லை.

'டக்' என்று கேட்கும் சத்தத்துக்கு வருவோம். பிசகிய எலும்பு உள்ளே போய்ப் பொருந்தும் சத்தம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது விரலில் நெட்டி முறிக்கும்போது வரும் சத்தத்தின் உறவுதான். மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரு முனைகளும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குழி உருவாகிறது. 2015-இல் கனடா ஆய்வாளர்கள் விரலை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்து, சத்தம் கேட்கும் அதே நொடியில் அந்தக் குழி தோன்றுவதைப் படம்பிடித்தார்கள். உடனே மறுபடி முறித்தால் சத்தம் வராமல் போவதற்கும் காரணம் இதுதான். வாயு திரும்பக் கரையக் கொஞ்ச நேரம் வேண்டும். (நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று பயப்படுகிறவர்களுக்காக: டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரு கைகளுக்கும் வித்தியாசமே இல்லை. 2009-இல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசைக் கொடுத்தார்கள்.)

அப்படியென்றால் முறித்ததும் லேசாக இருப்பது பிரமையா? இல்லை. வேகமாகத் தரப்படும் அந்த அழுத்தம், மூட்டைச் சுற்றியிருக்கும் நரம்புகளின் வழியே வலி உணர்வைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது. விறைத்துக் கிடந்த தசை தளர்கிறது. நிமிர முடியாதவர் நிமிர்கிறார். எலும்பு எங்கிருந்தும் எங்கும் இடம் மாறவில்லை. கிடைத்த தளர்ச்சி சில மணி நேரமோ சில நாளோ நிற்கும். அந்த இடைவெளியில் உடம்பை என்ன செய்யவைக்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இடுப்புவலி: மூன்று வழிகள், கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்

1998-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இடுப்புவலியோடு வந்த 321 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு கைரோபிராக்டிக், இன்னொன்றுக்கு மெக்கென்சி என்ற பயிற்சி முறையில் பிசியோதெரபி. மூன்றாவது குழுவுக்கு வலியைப் பற்றி விளக்கும் ஒரு சிறு புத்தகம், அவ்வளவுதான். கைரோபிராக்டரும் பிசியோவும் சமமாக வந்தார்கள். புத்தகம் மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் முந்தியது மயிரிழை அளவுதான். வலி திரும்ப வந்ததிலும் மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிகிச்சை பெற்றவர்களுக்குத் திருப்தி மட்டும் அதிகமாக இருந்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, வலியில் கிடக்கும்போது ஒருவர் கைவைத்துப் பார்ப்பதே பெரிய ஆறுதல்.

பிறகு வந்த பெரிய தொகுப்புகளும் இதே திசையில்தான் போகின்றன. புதிதாக வந்த இடுப்புவலி பற்றி 2017-இல் 26 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதுகை இப்படித் தட்டி முறிக்கும் சிகிச்சை 100 புள்ளி அளவுகோலில் சுமார் 10 புள்ளி வலியைக் கூடுதலாகக் குறைத்தது. பலன் உண்டு, ஆனால் மிதமான பலன்தான். நாட்பட்ட வலிக்கு 2019-இல் 47 சோதனைகள், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அங்கேயும் உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட மற்ற சிகிச்சைகளுக்கு இது சமம் என்றுதான் முடிவு வந்தது.

2016-இல் வந்த பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல் இதில் ஒரு நிபந்தனை வைக்கிறது: கையால் செய்யும் சிகிச்சையைத் தனியாகத் தரக் கூடாது, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரலாம். என்னைக் கேட்டால் கைரோபிராக்டரா பிசியோவா என்ற கேள்விக்கான பதில் அந்த நிபந்தனையிலேயே இருக்கிறது. முதுகைத் தட்டி முறிப்பது கைரோபிராக்டர்களின் தனிச்சொத்து இல்லை. கையாலேயே மூட்டுக்கும் தசைக்கும் வைத்தியம் பார்க்கும் ஆஸ்டியோபதிக்காரர்கள் செய்கிறார்கள், பயிற்சி பெற்ற பிசியோக்களும் செய்கிறார்கள். அதேபோல, நல்ல கைரோபிராக்டர் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பார். மோசமான பிசியோ மின்சாரக் கருவியை முதுகில் ஒட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். வீட்டில் செய்ய உங்களுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்து அனுப்புகிறாரா என்று பாருங்கள்.

மாத்திரை? வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பாராசிட்டமால் விஷயத்தில் எனக்கே ஏமாற்றம்தான். 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக 17 நாள் ஆனது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். அபின் குடும்பத்தைச் சேர்ந்த ஓபியாய்டு வகை வலுவான மருந்தும் ஆறு வாரத்தில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2023-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. படுத்துக் கிடப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: முதல் ஓரிரு நாளைக்கு மேல் படுக்கை கெடுதல்தான் செய்யும்.

இந்தப் போட்டியில் யாரும் பணம் கட்டாத குதிரை ஒன்று உண்டு. நடை. இடுப்புவலி வந்து அப்போதுதான் குணமான 701 பேரை ஆஸ்திரேலியாவில் எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு பிசியோ ஒருவரின் வழிகாட்டலில் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சி. வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற இலக்குக்கு மெல்ல வருவது திட்டம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. வலி திரும்பி வர நடந்தவர்களுக்கு நடுமதிப்பாக 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள். 2024-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, வந்த வலியைப் போக்கவே இத்தனை மெனக்கெடுகிறோமே, திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள இவ்வளவுதானா என்று தோன்றியது.

எம்ஆர்ஐ என்னும் குழப்பம்

மூன்றாமவர் சொன்ன எம்ஆர்ஐ யோசனை கேட்கப் பொறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வு, தேய்ந்திருந்தது, எண்பது வயதினரில் 96 சதவீதம். டிஸ்க் பிதுங்கல் இருபது வயதிலேயே 30 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறக்கக் கூடாது. தலை நரைப்பது மாதிரி முதுகும் உள்ளே நரைக்கிறது. வலி வந்த வாரத்தில் படமெடுத்தால் ஏதாவது ஒன்று கண்டிப்பாகத் தெரியும். 'ஜவ்வு விலகியிருக்கு' என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் குனியவும் பயந்து வாழத் தொடங்கிவிடுவோம். அந்தப் பயம் சில சமயம் வலியைவிட நீண்ட நாள் தங்கும்.

வலி இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் போல இறங்கினால் கதை வேறு. அது நரம்பு அழுத்தப்படும் சியாட்டிகாவாக இருக்கலாம். அப்போது முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும், சொடக்கு எடுக்கும் யோசனை அதற்குப் பிறகு. அறுவைச் சிகிச்சை என்றதும் மிரள வேண்டியதில்லை, அவசரப்படவும் வேண்டியதில்லை. கடுமையான சியாட்டிகா உள்ள 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து, 2007-இல் வெளியான ஆய்வில் சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் அவர்களிலும் சரி, அறுவையைத் தள்ளிவைத்துக் காத்திருந்த குழுவிலும் சரி, 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஐந்தில் இருவர் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலியை எத்தனை வாரம் பொறுக்க முடியும் என்பதுதான் அங்கே கேள்வி.

மைதானத்தில் பட்ட காயம்

விளையாட்டு வீரர்கள் கைரோபிராக்டரிடம் போவது புதிதல்ல. 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே அமெரிக்க அணியோடு ஒரு கைரோபிராக்டர் போனார். போட்டிக்கு முன்னால் உடம்பு இறுக்கமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் இறுக்கமும் காயமும் ஒன்றல்ல. கிழிந்த தசையும், நைந்த தசைநாரும், விரிசல் விட்ட எலும்பும் ஆறக் காலம் வேண்டும். ஆறும்போது அதன்மேல் படிப்படியாகச் சுமை ஏற வேண்டும். எந்தக் கையும் அந்தச் சுமையை நமக்காகத் தூக்கித் தர முடியாது.

கணுக்கால் சுளுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி எலும்பு முறிவா இல்லையா என்பது. 1992-இல் கனடாவில் உருவான ஒட்டாவா விதி இதற்குக் கைகொடுக்கும். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரு பக்கமும் துருத்தும் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. முறிவு இல்லையென்றால் ஒரே காலில் நின்று பழகுவதும் கெண்டைக்காலுக்கு வலு ஏற்றுவதும்தான் முக்கியச் சிகிச்சை. மூட்டை மெல்ல அசைத்துவிடுவது கால் மடங்கும் அளவைக் கூட்ட உதவும், அதுவும் துணையாக மட்டும்தான். ஐஸைப் பற்றியும் ஒன்று: ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கிவைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலமாக்கிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். வலிக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநார் வலிக்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியம். ஸ்வீடனின் எலும்பு அறுவை மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃபிரட்சனுக்கே அந்த வலி இருந்ததாம். அறுவை செய்யுங்கள் என்று அவர் கேட்க, மேலதிகாரி மறுத்துவிட்டாராம். தசைநார் அறுந்தே போனால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி இறக்கிச் சுமை ஏற்றியிருக்கிறார். அறுபடவில்லை, வலிதான் போனது. இது பரவலாகச் சொல்லப்படும் கதை. அவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு பதிவில் இருக்கிறது: தினமும் 180 முறை, பன்னிரண்டு வாரம். நாட்பட்ட வலியோடு வந்த 15 ஓட்டக்காரர்களும் மறுபடி ஓடினார்கள். பின்தொடைத் தசைக்கும் இதே தத்துவம்தான். முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சியைச் சேர்த்த அணிகளில் அந்தத் தசைக் காயம் பாதியாகக் குறைந்தது என்று 2019-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. இவற்றோடு ஒப்பிட, முதுகை முறித்தால் பின்தொடைக் காயம் வராது என்று யாராவது சொன்னால் நான் கைகூப்பிவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு கூட்டத்தாரை மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும்: வளரும் வயதில் வேகப்பந்து வீசுபவர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர்கள், அவர்களுடைய பெற்றோர்கள். முதுகைப் பின்னால் வளைக்கும்போது இடுப்பில் ஒரு பக்கம் வலித்தால் அதைப் பிடிப்பு என்று ஒதுக்காதீர்கள். 1995-இல் முதுகுவலியோடு வந்த 100 பதின்வயது வீரர்களை 100 பெரியவர்களோடு ஒப்பிட்டார்கள். முதுகெலும்பின் பின்பகுதியில் விழும் அழுத்த விரிசல் பெரியவர்களில் 5 சதவீதம்தான், பதின்வயதினரில் 47 சதவீதம். விரிசலுக்கு வேண்டியது பந்துவீச்சிலிருந்து ஓய்வும் விளையாட்டு மருத்துவரும். அந்த இடத்தைத் தட்டி முறிப்பது ஆகாது. மேலே எம்ஆர்ஐயைக் கிண்டல் செய்தேன், இங்கே அதே படம் அவசியம்.

போவதென்று முடிவெடுத்தால்

சிலர் போகவே கூடாது. எலும்பு தேய்ந்து பலவீனமானவர்கள், புற்றுநோய் இருந்தவர்கள், காய்ச்சலோடு முதுகுவலி வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போனாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ அது அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் போகலாம். பயிற்சியையும் பதிவையும் விசாரியுங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கைரோபிராக்டருக்குப் படிப்பும் உரிமமும் சட்டப்படி கட்டாயம். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் சில வார வகுப்புக்குப் போனவரும் அதே பலகையை மாட்டிக்கொள்ள முடியும். சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அப்படி ஆகும். மூன்று நான்கு தடவைக்குள் நடப்பதிலோ குனிவதிலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பேன்.

நான் போனேன், முதல் நாளே. முறித்ததும் நிமிர முடிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எழுந்து சட்டையைப் போடுவதற்குள் இருபத்து நான்கு தடவைக்கான அட்டவணை மேசைக்கு வந்துவிட்டது. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். முதுகு எப்படி ஆறும் என்று தெரியாதபோதே இருபத்து நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்கள். இன்னொரு தடவை மட்டும் போய்விட்டு, அப்புறம் ஒரு பிசியோவிடம் நான்கு பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் மட்டையைத் தொட்டேன். இதில் எது என்னைக் குணப்படுத்தியது என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் அந்த நான்கு பேரில் ஒருவனாகிவிடுவேன்.

கழுத்து பாக்கி இருக்கிறது. கழுத்தின் வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் செல்கின்றன. கழுத்தைச் சட்டென்று திருகிய பிறகு அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனியால் கழுத்துவலி வந்து, அந்த வலிக்காகவே அவர்கள் போயிருக்கவும் கூடும். அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டையும் சொல்லிவிட்டு, கழுத்தில் கைவைக்கும் முன் நோயாளிக்கு இந்தத் தொடர்பைச் சொல்ல வேண்டும் என்கிறது. கழுத்துவலிக்கு மெதுவாக அசைத்துவிடும் முறையும் பயிற்சியும் இருக்கும்போது, திடீர்த் திருகலுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னைப் பார்த்தவர் இடுப்பை முடித்ததும் என் தலையை இரு கைகளாலும் பிடித்து, "வந்ததுதான் வந்தீங்க, கழுத்தையும் பார்த்துடலாமா?" என்று கேட்டார். கழுத்தில் எனக்கு வலியே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.